துணி மிதக்காமல் இருக்க

அந்தப் பக்கம் உட்காருங்கள் சிஸ்டர், இந்தப் பக்கம் போல்ட்டுக்குப் போடுகிற வாஷர் சிதறிக் கிடக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை என்று தப்பாக நினைக்காதீர்கள். மடியில் துணி, கையில் நூல் கோத்த ஊசி, எழுந்தால் எல்லாம் கொட்டிவிடும். தண்ணீர் அந்தச் சொம்பில் இருக்கிறது. டீ போடட்டுமா என்று கேட்க மாட்டேன், சபையில் டீ ஆகாது, நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்று தெரியும். இந்த வீட்டில் டீத்தூளும் கிடையாது. நான் சபைக்கு வருவதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, ஆனாலும் டீ குடிப்பதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஒருநாள் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. குடிக்க வரவில்லை. அவர்கள் பார்க்காதபோது அவர்களுடைய துளசிச் செடியில் ஊற்றிவிட்டேன்.

இதுவா? எங்கள் கெசியாவின் வெள்ளைக் கவுன். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு. எட்டு வயசு முடிந்துவிட்டதே, சபைச் சட்டப்படி எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று அவள் அப்பா நிற்கிறார். நீங்கள் வந்திருப்பதும் அதற்காகத்தான். அவரே சொன்னார். "ஈரோட்டுல இருந்து புதுசா ஹெப்சிபான்னு ஒரு சிஸ்டர் வந்திருக்கறாங்க, உன்னையப் பாக்க வருவாங்க, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்று. நான் தூக்கி வைப்பதில்லை சிஸ்டர். என் மூஞ்சியே அப்படி. யாராவது எதிரில் உட்கார்ந்தால் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். சின்னதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்ல வாய் வராமல் பாதி நாள் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள். நாலாவதோடு நின்றுவிட்டேன். கையில் வேலை இருந்து, கண் கீழே இருந்தால் கொஞ்சம் பேச்சு வரும். அதனால் உங்களைப் பார்க்காமல் பேசுகிறேன்.

வாஷரைப் பார்க்கிறீர்கள். ஈரோட்டில் இப்படிச் செய்வதில்லையோ என்னவோ. ஓரத்தை அகலமாக மடித்து உள்ளே ஒவ்வொன்றாக வைத்துத் தைக்கிறேன். தண்ணீரில் இறங்கினால் கவுன் குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிடும். ஆள் முழுக்க முங்கினாலும் துணி ஒரு விரற்கடை மிதந்தால் செல்லாது. சாட்சிக்கு நிற்கிற இரண்டு பேரும் குனிந்து பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், திரும்ப முதலிலிருந்து. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. சபையில் கொடுத்த வெள்ளை அங்கி என் உடம்புக்கு ரொம்பப் பெரிசு. முதல் தடவை அங்கி மிதந்தது. அடுத்த தடவை சடை மிதந்தது. அதற்கப்புறம் சபை ஊழியத்துக்கு வந்திருந்த ராஜமுந்திரிப் பையன் என் சடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முக்கினான். பாவம், எனக்கு இருந்த கூச்சம் அவனுக்கும் இருந்தது. வெளியே வந்ததும் எங்கள் மாமியார், அவர் சபையெல்லாம் இல்லை, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், "சாமி இவளை வேண்டாம் வேண்டாம்னு மேல தள்ளுது, இந்தப் பசங்க விடமாட்டீங்கறாங்க" என்றார்.

கெசியாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். தலைக்கு ஊற்றினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு ஒரே முழுக்கில் முடிந்துவிட வேண்டும். அவ்வளவுதான் சிஸ்டர், வேறு ஒன்றும் இல்லை. இதை வைத்து நான் நம்புகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் இவர் இரும்பு வாஷர்தான் கொண்டுவந்தார். பட்டறையில் அதுதானே கிடைக்கும். தைத்து முடித்து நனைத்துப் பார்த்தேன், துரு இறங்கி ஓரம் முழுக்க மஞ்சள். எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டு, எல்லாவற்றையும் பிரித்து, பித்தளையில் வேண்டும் என்றேன். அவரே லேத்தில் கடைந்து, துணியைக் கிழிக்கக் கூடாது என்று அரம் போட்டு ஓரத்தை மழுக்கிக் கொண்டுவந்தார். தொட்டுப் பாருங்கள். வழவழவென்று இல்லை? அந்தக் கைதான் ஒருகாலத்தில் டம்ளரை நேராகப் பிடிக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். கெசியா கைக்குழந்தையாக இருந்தபோது இவர் குடிப்பார். அடிக்க மாட்டார், வாங்கிய சம்பளத்தை வீடு வரைக்கும் கொண்டுவர மாட்டார். ஒருநாள் சாயங்காலம் குழாயடியில் விழுந்து கிடந்தார். லைன் வீட்டு ஜனமெல்லாம் குடத்தை அவரைத் தாண்டி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், வெளியே வர வெட்கம். அப்போதுதான் சபை ஊழியத்துக்கு வீடு வீடாகப் போகிற அந்த இரண்டு பையன்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பேர் போட்ட கறுப்புப் பட்டை. மீசையே சரியாக முளைக்கவில்லை, ஆனால் அவர்களை எல்டர் என்றுதான் கூப்பிட வேண்டுமாம், எங்கள் மாமியாருக்கு அதில் ஒரே சிரிப்பு. அந்தப் பையன்கள் இவரைத் தூக்கி உட்கார வைத்து, கால் கழுவி, உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. மறுநாள் அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கறை போகவில்லை. அந்தக் கறையைப் பார்த்துத்தான் இவர் அவர்களை உள்ளே விட்டார்.

ஆகவே உங்கள் சபையை நான் குறை சொல்வேன் என்று நினைக்காதீர்கள். மார்மன் சபை என்றால் ஊரில் ஆயிரம் பேசுவார்கள். எனக்கு அது என் வீட்டுக்காரரைத் திருப்பிக் கொடுத்தது. குடி நின்றது, பீடி நின்றது, கூடவே டீயும் நின்றது. எனக்குப் படிப்பும் அதில்தான் வந்தது. சாப்பாடு முடிந்ததும் நீல அட்டை போட்ட மார்மன் புஸ்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு இவர் ஒரு பாரா படிப்பார், நான் ஒரு பாரா படிப்பேன். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு பாராவை முடிப்பதற்குள் கெசியா தூங்கிப்போவாள். சிரிக்க மாட்டார். விரலை வைத்துக்கொண்டே காத்திருப்பார். நாலு வருஷப் பள்ளிக்கூடம் கொடுக்காததை அந்தப் புஸ்தகம் கொடுத்தது. இப்போது பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, எல்லாம் படிக்கிறேன்.

படிக்கத் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஓபேத் பிறந்தான், எங்கள் இரண்டாவது. உங்களுக்கு அவனைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லையா? சரி. அவன் பிறந்து முதல் மாதமே எனக்குப் பால் வற்றிவிட்டது. காய்ச்சல் வந்தது, அதற்கப்புறம் நின்றுவிட்டது. மாமியார் பால்சுறா வாங்கிப் புட்டு செய்து போட்டார், பூண்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையைப் பற்றிச் சொல்லத் தெரியாது சிஸ்டர், விடுங்கள்.

அப்போது ஒரு சாயங்காலம் இவர் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி ஓடி வந்தார். ஆரம்பத்திலேயே வருகிறதே, ஒரு பெரியவர் பிள்ளைகுட்டிகளோடு எருசலேமை விட்டுப் புறப்பட்டு வனாந்தரத்தில் வருஷக்கணக்காக நடக்கிறார். தீ மூட்டக் கூடாது என்று கர்த்தர் சொன்னதால் கறியைப் பச்சையாகவே தின்கிறார்கள். தின்றும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு நிறையப் பால் இருந்ததாம், ஆம்பிளைகள் மாதிரித் திடமாக ஆனார்களாம், முணுமுணுக்காமல் நடந்தார்களாம். அதில் விரலை வைத்துக்கொண்டு இவர், "பாரு கண்ணு, இங்கயே போட்டிருக்குது. நீ கவலையே படாத" என்றார். கண்ணில் தண்ணீர். அவர் சந்தோஷத்தில் சொன்னது. என்னைக் குத்திக் காட்ட இல்லை.

நானும் சந்தோஷப்பட்டேன். புஸ்தகத்தில் எனக்கென்று ஒரு வரி இருக்கிறதே என்று. அதுவரைக்கும் ராஜா, சண்டை, ராஜா, சண்டை என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு பெண்பிள்ளை பேர் வந்தால் திரும்ப ஒருதடவை படிப்பேன். இங்கே பால் கொடுக்கிறவர்களே வந்துவிட்டார்கள். மனப்பாடம் செய்துகொண்டேன். ஜெபித்தேன். வரவில்லை. அப்புறம் யோசித்தேன், அவர்கள் பச்சைக் கறி தின்றார்கள் என்று எழுதியிருக்கிறது, நான் சுறாப் புட்டல்லவா தின்கிறேன்.

சிரிக்காதீர்கள் சிஸ்டர். அதில் தப்பு என்ன, எழுதியிருந்ததைச் செய்தேன். இவர் பட்டறைக்குப் போனபின் மாமியாரை ஆட்டு ஈரல் வாங்கிவரச் சொல்லி, அப்புறம் அவரை மாவரைக்க அனுப்பிவிட்டு, பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பச்சையாகத் தின்றேன். உப்புக்கூடப் போடவில்லை. புஸ்தகத்தில் உப்பு போட்டதாக இல்லை. விழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னேன். அரைமணி நேரம் இருந்தது, அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் எழுந்திருக்க முடியவில்லை. கறிக்கடைக்காரன் ஈரலில் கோளாறு என்று மாமியார் அவனோடு சண்டைக்கே போய்விட்டார். அவனும், "ஏனுங்கம்மா, அதே ஈரலத்தான் நானும் ஆக்கித் தின்னேன்" என்று சத்தியம் செய்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் பாப்பா அப்பாவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாதீர்கள்.

அந்த இரண்டு நாளும் ஓபேத்தை எடுத்துக்கொண்டு போனது மூன்றாம் வீட்டு நஜ்மா அக்கா. அவர்களுக்கும் கைக்குழந்தை இருந்தது. கேட்கவே இல்லை, வந்தார்கள், அழுகிற பிள்ளையைத் தூக்கினார்கள், முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு பால் கொடுத்தார்கள். நான் பாயில் படுத்தபடி அவன் மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் தினமும் கொடுத்தார்கள். "இதுக நாளைக்கு அண்ணந்தம்பி மாதிரி, பாத்துக்க" என்பார்கள். அவர்கள் நம் புஸ்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. எருமை மாதிரிப் பால் சுரந்தது சிஸ்டர் அவர்களுக்கு.

ஆறு மாதம் இருந்தான். மார்கழியில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். யாரையும் சொல்ல முடியாது.

நூல் தீர்ந்துவிட்டது. அந்த உருண்டையை இப்படித் தள்ளுங்கள்.

குழிக்குள் வைக்கும்போது சபையிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். சபையை நடத்துகிற பிரசிடெண்ட் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பாவக் கணக்கு இல்லை, ஞானஸ்நானம்கூடத் தேவையில்லை, அவர்கள் நேராகக் கர்த்தரிடம் போகிறார்கள் என்றார். அந்த நீலப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அது இருக்கிறது, காட்டினார். அதோடு இன்னொன்றும் சொன்னார். உயிர்த்தெழும்போது ஓபேத் அதே கைக்குழந்தையாகத்தான் வருவான், அவனை வளர்க்கிற வேலை உனக்குத்தான் வரும், விட்ட இடத்திலிருந்து வளர்க்கலாம் என்றார். வேறெந்தச் சபையில் இப்படிச் சொல்வார்கள்? மாமியார் ஊர்க் கோயிலில் சொல்வார்களா? நான் அன்றைக்கு ராத்திரி சோறு தின்றது அந்தப் பேச்சால்தான். விட்ட இடத்திலிருந்து. அவனுக்கு மேலே ஒரு பல் வெட்டுகிற மாதிரி ஈறு தடித்திருந்தது. அந்த இடத்திலிருந்து.

அதை வைத்துக்கொண்டு நான் ஓட்டியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்த வனாந்தரத்துப் பாரா வரிசையில் வந்து தொலைத்தது. பிரதர் ஞானசிகாமணி பாடம் எடுத்தார். நல்ல மனிதர், பாங்கியில் வேலை. பெண்பிள்ளைகள் எவ்வளவு விசுவாசமாக இருந்தார்கள் பாருங்கள் என்று அந்த இடத்தை வாசித்தார். நான் எப்போதும் கடைசி வரிசைதான். அதுவரைக்கும் அங்கே நான் ஆமென் தவிர எதுவும் சத்தமாகச் சொன்னதில்லை. எப்படி வந்ததென்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அவங்களுக்குப் பால் வந்துச்சுன்னு யாருங்க பாத்தாங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரதர் கோபப்படவில்லை. "கூடவே நடந்தவருதான் சிஸ்டர் எழுதியிருக்காரு. கண்ணால பாத்தவரு" என்றார்.

"அவரு ஆம்பளையாச்சுங்களே" என்றேன்.

முன் வரிசையில் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்திருப்பேன், வேறு யாராவது கேட்டிருந்தால். இவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காது சிவந்ததைப் பார்த்ததும் எனக்கு நிறுத்தத் தோன்றியது, ஆனால் நிற்கவில்லை. அந்த அம்மாக்களிடம் யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். ராத்திரி எந்தக் குழந்தை அழுதது, எந்தக் குழந்தை தூங்கியது என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். பிரதர் சிரிப்பை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார், "விசுவாசம் இருந்தா கர்த்தர் எதையும் கொடுப்பாருங்க சிஸ்டர்."

அவருக்கு என் பால் வற்றின கதை தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதே யோசனை. விசுவாசம் இருந்தால் கொடுப்பார். எனக்குக் கொடுக்கவில்லை. அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லை. பச்சை ஈரலைத் தின்ற எனக்கு விசுவாசம் இல்லை என்றால் யாருக்குத்தான் சிஸ்டர் இருக்கிறது? ஒன்று நான் பொய், இல்லாவிட்டால் அந்த வரி பொய். இரண்டில் ஒன்று. ரொம்ப யோசித்து, அந்த வரிதான் பொய் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். எவரோ ஒரு ஆம்பளை, பெண்டாட்டி வனாந்தரத்தில் வாயைத் திறக்காமல் நடந்ததைப் பார்த்து, நன்றாக இருக்கிறாள் என்று எழுதிவிட்டார். வாயைத் திறக்காதவளெல்லாம் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தமா? என்னைப் பாருங்கள்.

ஒரு வரி போனதும் மற்றதெல்லாம் தானாகப் பிரிந்து வந்தது. நான் தேடிப் போகவில்லை. அந்தப் புஸ்தகம் முதலில் தங்கத் தகட்டில் எழுதியிருந்ததாம். சரி, தகடு எங்கே என்றால் தேவதூதர் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அந்தப் பையன்கள் முதலில் சொன்னபோது எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது, தங்கமாயிற்றே, வெளியே வைத்தால் யாராவது உருக்கிவிடுவார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்லை வைத்துப் பார்த்துத்தான் தகட்டு எழுத்தைப் படித்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது. எங்கள் மாமியார் கல்லுக்கு மஞ்சள் பூசினால் அது வெறும் கல் என்று சொன்னவர்கள்தானே நாம். மாமியாரிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் என் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஜெபம் பண்ணிக் கேள், நெஞ்சில் கதகதப்பு வரும், அதுதான் பதில் என்பீர்கள். எனக்குக் கதகதப்பு வந்திருக்கிறது சிஸ்டர். பொய் சொல்ல மாட்டேன். ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு வந்தது. நஜ்மா அக்கா பிள்ளையை மூடிக்கொண்டு பால் கொடுத்த அன்றைக்கும் அதே கதகதப்புதான், அதே இடத்தில்தான் வந்தது. எது எதற்குப் பதில் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் நான் புறப்படவில்லை. இவர் சட்டை போட்டு, டை கட்டி, கெசியாவுக்குத் தலை பின்னிவிடச் சொல்லி வாசலில் நின்றார். தலைவலி என்றேன். அதற்கடுத்த வாரமும் தலைவலி. மூன்றாம் வாரம் அவர் கேட்கவில்லை. குழந்தைக்குத் தலை மட்டும் பின்னிவிடு என்றார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். ராத்திரியில் புஸ்தகத்தை எடுத்து அவர் பாராவைப் படிப்பார், அப்புறம் என் பாராவையும் அவரே படிப்பார். விரலை மட்டும் என் பாராவில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார்.

போன மாதம்தான் வெளிப்படையாகப் பேசினோம். கெசியாவுக்கு ஞானஸ்நானம் என்று நாள் குறித்துவிட்டு வந்தார். அவர்தான் அவளை முக்கப்போகிறார், சபையில் அவருக்கு அந்த அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு பெருமை தெரியுமா, ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால், முக்கும்போது தூக்க வேண்டிய வலது கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். நான் சொன்னேன், அந்தப் புஸ்தகம் நிஜம் என்று எனக்குத் தோன்றவில்லை, தோன்றாததைப் பிள்ளைக்குச் செய்வானேன் என்று. அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அது பொய்யின்னா, நான் குடிக்காம இருக்கறது எதுக்கு?" என்றார்.

மிரட்டவில்லை சிஸ்டர். மிரட்டல் எனக்குத் தெரியும். இது நிஜமாகவே கேட்டது. தொலைந்துபோன பிள்ளை வழி கேட்கிற மாதிரி. எனக்காக, கெசியாவுக்காக என்று சொல்லலாம். நாங்கள் அப்போதும் இருந்தோமே, குழாயடியில் கிடந்தபோதும் கதவுக்குப் பின்னால் நான் இருந்தேனே. அப்போது நான் போதவில்லை, அந்தப் புஸ்தகம் போதுமாக இருந்தது. மறுநாள் பட்டறையிலிருந்து நேரத்துக்கு வருகிறாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். பையில் இரும்பு வாஷர் இருந்தது.

நான் தைக்கிறேன் என்று சொல்லவே இல்லை. வாஷரைக் கொட்டினார், நான் ஊசியை எடுத்தேன்.

இதோ, இன்னும் கொஞ்சம்தான். முன்பக்கம் முடிந்துவிட்டது, பின்பக்கம் ஒரு சாண் இருக்கிறது. பின்பக்கம்தான் நெருக்கமாக வைக்க வேண்டும், சாயும்போது அதுதானே முதலில் கிளம்பும். நாளைக்குத் தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பார்க்கப்போகிறேன், பெரிய அண்டாவில் போட்டுப் பார்த்தேன், அண்டாவில் தெரியாது.

நீங்கள் ஒரே கேள்விதான் கேட்டீர்கள், ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று. நான் ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வந்தால் எல்லோரும் என்ன நினைப்பார்கள்? திரும்பிவிட்டாள் என்று கையைப் பிடிப்பார்கள். பிரதர் ஞானசிகாமணி எழுந்து இடம் கொடுப்பார். சாட்சி சொல் என்பார்கள். இந்தச் சபை மெய்யானது என்று எனக்குத் தெரியும் என்று மைக்கில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாதே சிஸ்டர். தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் அந்தப் பால் வரி எழுதின ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வராமல் இருந்தால்? வராமல் இருக்கத்தான் இருந்தேன். கவுனைத் தைத்துக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று. நேற்று அளவு பார்க்கக் கெசியாவுக்குப் போட்டுவிட்டேன். ஓரம் கனமாக இருக்கிறதென்று அவளுக்கு ஒரே குஷி, சுற்றிச் சுற்றி ஆடினாள், வாஷர் எல்லாம் கிணுகிணு என்று ஒன்றோடொன்று இடித்தது. அப்புறம் நின்று கேட்டாள், அம்மா நீ வருவாயல்லவா என்று. எனக்கு வேலை இருக்கிறது, அப்பாதான் இருக்கிறாரே என்றேன். பெரிய மனுஷி மாதிரி என்னிடம் சொல்கிறாள்.

"நானும் அப்பாவும் தம்பி இருக்கற எடத்துக்குப் போயிருவோம். நீ வல்லீன்னா அங்க தம்பிய யாரும்மா தூக்குவா? எனக்குத் தூக்கத் தெரியாது."

சிஸ்டர், அந்தத் தகடு, அந்தக் கல், வனாந்தரம், அதையெல்லாம் அவளிடமா சொல்வேன்? ஊசி வாயில் இருக்கிற மாதிரிப் பாவனை பண்ணிக்கொண்டு ம்ம் என்றேன்.

அதிலிருந்துதான் கணக்கு மறுபடி குழம்பிவிட்டது. அந்தப் பால் வரியைப் பொய் என்று தள்ளிவிட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அதே புஸ்தகத்தின் கடைசியில்தானே சின்னப் பிள்ளைகள் எல்லோரும் பத்திரம் என்று இருக்கிறது. ஒரே அட்டை, ஒரே தையல். முன்னால் பொய் சொன்ன புஸ்தகம் பின்னால் மட்டும் நிஜம் சொல்லுமா? மொச்சைக்காய் உரிக்கிறோம், புழு விழுந்ததைத் தூரப் போட்டுவிட்டு நல்லதைக் குழம்பில் போடுகிறோம். அந்த மாதிரிச் செய்ய முடியுமா? உங்கள் சபையில் அதற்கு விடுவார்களா? எனக்கு நானே விட மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. இவர் இல்லாதபோது எடுத்துப் பார்க்கிறேன், அதை மறைப்பானேன், அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும். அது பழுப்பாகிவிட்டது, மற்றதெல்லாம் புதிதாக இருக்கிறது.

அது துண்டு சிஸ்டர். நீங்கள் பார்க்கிற அந்தப் பையில் இருப்பது. புதுசுதான், கெட்டித் துண்டு. கூட ஒரு கம்பளிச் சட்டை வைத்திருக்கிறேன். தண்ணீரிலிருந்து எழுந்ததும் தலை துவட்ட ஆள் வேண்டும் அல்லவா? இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார், அவர் எப்படித் துவட்டுவார்? மற்றவர்கள் கை குலுக்கிப் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்பார்கள், பிள்ளை ஈரத்தலையோடு நடுங்கும். ஒரு நிமிஷம் போதும், நெஞ்சில் இறங்கிவிடும். அதற்கு ஒரு ஆள். அவ்வளவுதான், துண்டு பிடிக்க. அதற்கு நம்ப வேண்டும் என்று இல்லையே? மைக் பக்கம் நான் வர மாட்டேன், அதை மட்டும் எல்லோரிடமும் நீங்கள் முதலிலேயே

வந்துவிட்டேன் கெசியா, இரு கண்ணு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உள்ளே போனவள், சத்தத்தையே காணோமே என்று பார்த்தேன். இல்லை இல்லை, நீ வெளியே ஓடி வராதே, மேலே ஒன்றும் போடாமல், சிஸ்டர் இருக்கிறார்கள். கவுன் முடியப்போகிறது, நானே கொண்டுவந்து போட்டுவிடுகிறேன். கேட்டீர்களா, அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த ஊசியைக் கொஞ்சம் பிடியுங்கள் சிஸ்டர், நூல் உருவிவிடப் போகிறது. நீங்கள் போய்விடாதீர்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை, பாருங்கள், நானே பேசிக்கொண்டிருக்கிறேன். ஒன்றே ஒன்று, நீங்கள் நிறையப் படித்தவர்கள், தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள், வருகிறேன்டி கெசியா, வருகிறேன், அந்த வனாந்தரம் இல்லை, தகடும் இல்லை, அதெல்லாம் எப்படியோ போகட்டும், அந்தக் கடைசிப் பக்கம் மட்டும்